தலை வேண்டாம், வால் போதும்

சிங்காநல்லூரில் ஏறியதுமே ஜன்னலோரம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலை எட்டே முக்கால் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் அன்றைக்கு எல்லாம் நல்லபடி நடக்கும் என்பது வளர்மதியின் கட்சி. அவளுக்கு ராசிபலன் எல்லாம் பஸ் ஸீட்தான். மடியில் கைப்பை, கைப்பைமேல் டிபன் டப்பா, டிபன் டப்பாமேல் போன். போனில், அவர்கள் ஆபீஸில் ஒரு வருஷமாக உட்கார்ந்து செய்த பஸ் செயலி ஓடிக்கொண்டிருந்தது. எந்த நிறுத்தத்துக்கு எந்த பஸ் இன்னும் எத்தனை நிமிஷத்தில் வரும், நாம் உட்கார்ந்திருக்கும் பஸ் அடுத்து எங்கே நிற்கும், எல்லாம் சொல்லும். இதுவரை ஆபீஸ் ஆட்கள் ஏழெட்டுப் பேர் போனில் மட்டும் இருந்ததை இன்றைக்குப் பத்து மணிக்கு ஊருக்கே திறந்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்னால் பெண்ணின் அம்மா பெண்ணை ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பாளே, அப்படித்தான் அவள் திரையைப் பார்த்தாள். ‘அடுத்து: ராமநாதபுரம்’ என்றது. நல்ல பிள்ளை. வெளியே ஒரு சலூன் போனது, அதற்கடுத்து இன்னொரு சலூன், ஒரே தெருவில் இரண்டு சலூனும் எப்படிப் பிழைக்கின்றன, இந்தப் பக்கம் நடப்பவர்களுக்கு மட்டும் முடி சீக்கிரம் வளருமோ. டிரைவர் பாட்டுப் போட்டார். காலையில் குடித்த காபியின் வாசனை இன்னும் வாயில் இருந்தது. அந்த டம்ளர். வேண்டாம், நல்ல நாளில் டம்ளரை நினைக்க வேண்டாம்.

நிறுத்தம் என்றால் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு கம்பம், ஒரு நிழற்குடை, பக்கத்தில் ஒரு பூக்காரம்மா. கம்ப்யூட்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதற்கு ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு வலைமுகவரி. சாய்கோடு சாய்கோடாகப் போட்டு நீளமாக எழுதி, கடைசிச் சாய்கோட்டுக்குப் பிறகு சிங்காநல்லூர் என்றோ உக்கடம் என்றோ முடியும். அந்த முன்பாதிக்குப் பெயர்வெளி என்று பெயர், எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்வது. கடைசித் துண்டுதான் உள்ளூர்ப் பெயர், வீட்டுக்குள் கூப்பிடுவது. ஆபீஸில் யாருக்கும் இதைச் சொல்லப் பொறுமை கிடையாது. தலை, வால் என்பார்கள். முகவரியைத் தலையும் வாலுமாக நறுக்கிக் கொடுக்க ஆயத்தமாக எழுதி வைத்த நிரல்கள் உண்டு, லைப்ரரி என்பார்கள், மாமியாரிடம் ஒரு தடவை லைப்ரரியில் பிரச்சினை என்று சொல்லப்போக, புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுத்துட வேண்டியதுதானே என்றார். போன மாச மீட்டிங்கில்தான் அந்தப் பேச்சு வந்தது. அட்டவணையில் முழு முகவரியை வைப்பதா, வாலை மட்டும் வைப்பதா. கில்பர்ட் சார் முழுசாக வைக்கலாம் என்றார். அவர்தான் எட்டு மாசம் ஊர் முழுக்கச் சுற்றி, ஒவ்வொரு நிறுத்தமாக நின்று, போர்டில் இருக்கிற பெயரை அப்படியே நோட்டில் எழுதி வந்தவர். போனுக்குள் ஓடும் பகுதி அவருடையது, சர்வரில் ஓடும் பகுதி இவளுடையது. “கூட்ஸ் வண்டி மாதிரி நீளமா இருக்குதுங்க சார், உங்க முகவரி,” என்றாள் வளர்மதி. “தலை வேண்டாம், வால் போதும்.” அவர் மெதுவாக, “தலையில்லாம வாலு எப்பிடீங்க மேடம் நடக்கும்?” என்றார். “பல்லி வால் நடக்குதுங்களே,” என்றாள் இவள். மேனேஜர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். வாய் மட்டும் இல்லாவிட்டால் வளர்மதியை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அவள் வீட்டுக்காரர் சொல்வது இதற்குத்தான். கில்பர்ட் சாரும் சிரித்தார். சிரித்துவிட்டு நோட்டை மூடினார். அந்த நோட்டை மூடிய விதம் மட்டும் அவளுக்கு ஏனோ மறக்கவில்லை; பட்டென்று மூடியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், பக்கம் கசங்காமல் நிதானமாக மூடினார்.

ராமநாதபுரத்தில் ஒரு அம்மா ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இடுப்பில் பிள்ளையை வைப்பதுபோல் ஒரு குக்கர். மூடி தனியாக ஒரு மஞ்சள் பையில். “ஏனுங்க, இது எண்பதடி ரோட்டுல நிக்குங்களா? கேஸ்கட் போயிருச்சுங்க, அங்கதான் கடை.” நிற்குமுங்க என்று சொல்ல வாயெடுத்தவள், வாயால் சொல்வானேன், பிள்ளையையே பேச வைப்போம் என்று பெருமையாகப் போனைத் திருப்பிக் காட்டினாள். ‘அடுத்து: 60 அடி ரோடு’ என்றது போன். அந்த அம்மா அதைப் படித்தார், மறுபடி படித்தார். “அறுபதடின்னு போட்டிருக்குதுங்களே.” நெட்வொர்க் மெதுவாக இருக்குமுங்க என்றாள் வளர்மதி. நெட்வொர்க் என்பது நல்ல மனுஷன், எந்தப் பழியைப் போட்டாலும் வாங்கிக்கொள்வான். திரையைக் கீழே இழுத்துவிட்டாள், மறுபடி ஏற்றினாள். 60 அடி ரோடு. அறுபதடி ரோடு ஊரின் இன்னொரு மூலையில் அல்லவா இருக்கிறது, இந்த பஸ் அந்தத் திசைக்கே தலைவைத்துப் படுக்காதே. “எண்பதடி ரோடெல்லாம் முன்னால வா, முன்னால வா, படீல நிக்காத கண்ணு,” என்று கண்டக்டர் கத்தினார். குக்கர்க்காரம்மா எழுந்தார். “போனு தப்பாச் சொன்னாலும் நம்ம கண்டக்டரு தப்பாச் சொல்ல மாட்டாருங்க,” என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஆறுதல் யாருக்கு என்றுதான் தெரியவில்லை. பஸ் கிளம்பியது. போன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘60 அடி ரோடு கடந்தாயிற்று’ என்று சந்தோஷமாக அறிவித்தது.

எண்பது எப்படி அறுபதாகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் அவள் சர்வரில் கடைசி மாற்றத்தை ஏற்றினாள். சோதித்துப் பார்த்துத்தான் ஏற்றினாள். எதையெல்லாம் சோதித்தாள். சிங்காநல்லூர், ஏனென்றால் அவள் வீடு. உக்கடம், ஏனென்றால் அம்மா வீடு. ஹோப்ஸ், ஏனென்றால் மகள் கல்லூரிக்கு அங்கே இறங்குகிறாள். லட்சுமி மில்ஸ், சும்மா, பெயர் நன்றாக இருக்கிறது. எல்லாம் எழுத்தில் ஆரம்பிக்கிற பெயர்கள். சோதனை போடச் சொன்னால் ஊரில் இருக்கிற தன் சொந்தபந்தத்தை ஒரு சுற்று விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள். இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம், ரோட்டுக்குப் பெரிய மனிதர் பெயர் வைத்தாலும் அதைச் சொல்ல மாட்டார்கள், அகலத்தை அளந்து அதையே பெயராகக் கூப்பிடுவார்கள். நூறடி ரோடு, எண்பதடி ரோடு, அறுபதடி ரோடு. போர்டிலும் எண்ணில்தான் இருக்கும். கில்பர்ட் சார் போர்டில் இருந்தபடியே எழுதினார், முதலில் நூறு, ஒரு கோடு, பிறகு அடி-ரோடு. அங்கே, சுங்கம் வளைவில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது, அவளுக்குப் பிடிபட்டது. எண்.

எண்ணில் ஆரம்பிக்கக் கூடாது. கில்பர்ட் சாருடைய லைப்ரரி சாதுவானது, கடைசிச் சாய்கோடு எங்கே என்று பார்க்கும், அங்கே வெட்டும், வேலை முடிந்தது. இவளுடைய லைப்ரரி ஆசாரமானது. பழைய காலத்துக் கோப்பு வடிவம் ஒன்றில் பெயர் என்பது எழுத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும், எண்ணிலோ குறுக்குக்கோட்டிலோ ஆரம்பிக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. அந்த வடிவத்தை இப்போது யாரும் சீண்டுவதில்லை, ஆனால் லைப்ரரி இன்னும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. வாலின் முன்னால் எண் வந்தால் அது தீட்டு, தலைப்பக்கம் தள்ளிவிட்டு முதல் எழுத்து வரும் இடத்தில் வெட்டும். நூறு தலையோடு போனது. எண்பது தலையோடு போனது. அறுபதும் போனது. மூன்றிலும் மிஞ்சிய வால் ஒன்றே ஒன்று, அடி-ரோடு. ஒரே கொக்கியில் மூன்று சட்டையை மாட்டினால் கடைசியாக மாட்டியதுதானே கண்ணில் படும், அறுபது அப்படித்தான் மேலே நிற்கிறது. லைப்ரரிமேல் குற்றமில்லை, தலையையும் வாலையும் ஒட்டினால் முழு முகவரி ஒரு புள்ளி குறையாமல் திரும்ப வரும். தலையைத் தூக்கிப் போடச் சொன்னது லைப்ரரி இல்லை. பல்லி வால் நடக்குதுங்களே. எல்லோரும் சிரித்தார்கள்.

மணி ஒன்பது ஐந்து. பத்து மணிக்கு ஊர் திறந்துவிடும். அறுபதடி ரோட்டில் ஒருவர் இன்டர்வியூவுக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு நின்று, போன் சொன்னதை நம்பி, அங்கே வரவே வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பார். கண் ஆபரேஷனுக்குக் கிளம்பி எண்பதடியில் இறங்க வேண்டியவர் உட்கார்ந்தே இருப்பார், கண் தெரியாதவருக்குப் போன்தானே கண். வேண்டாம், இப்படியே நினைத்துக்கொண்டு போனால் காந்திபுரம் போவதற்குள் ஊரையே சுடுகாட்டுக்கு அனுப்பிவிடுவாள். மூன்று நிறுத்தம்தான். நானூற்றில் மூன்று. பத்து மணிக் கூட்டத்தில் காட்டப்போவது உக்கடம் வழி, அதில் அடியும் இல்லை ரோடும் இல்லை. யாருக்கும் தெரியாது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போகும்போது ஓசைப்படாமல் சரிசெய்துவிடலாம். கில்பர்ட் சாரிடம் நோட்டைக் கேட்க வேண்டியிருக்கும். எதற்குங்க மேடம் என்பார். என்ன சொல்வது. சும்மா ஒரு சந்தேகம் சார். சும்மா இருந்தால் போதும், பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் தானாக அடங்கிவிடும். பேசாமல் இருப்பது அவளுக்குப் புதிதா என்ன. அந்த டம்ளர்.

சரி, நினைப்பு வந்துவிட்டது, இனி விரட்டினாலும் போகாது. சூலூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் மூன்று வளர்மதிகள். கே., எம்., ஆர். இனிஷியலைத்தான் பெயராகக் கூப்பிடுவார்கள், வளர்மதி என்று கூப்பிட்டால் மூன்று தலை திரும்பும். இவள் எம். ஆண்டு விழாவில் தலைமையாசிரியை மைக்கில், ஓவியம், முதல் பரிசு, ஆறாம் வகுப்பு வளர்மதி என்று படித்தார். இனிஷியலைப் படிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் இவளை முதுகில் தள்ளினாள், கால் தானாக நடந்தது. கையில் எவர்சில்வர் டம்ளர், பெயர் புள்ளிபுள்ளியாகக் கொத்தியது, அதிலும் வெறும் வளர்மதி. இவள் வரைந்திருந்தது ஒரு கிளி. வெண்டைக்காய்க்குக் கண் வைத்தது போல் இருந்தது. அந்தக் கிளிக்கு யாரும் பரிசு தரமாட்டார்கள் என்பது மேடையேறும் மூன்றாவது படியிலேயே அவளுக்குத் தெரியும். இறங்கி வரும்போது ஆர். வளர்மதி பெஞ்சில் உட்கார்ந்து நேராக இவளையே பார்த்தாள். ஆருடைய அப்பா கடைகளுக்குப் போர்டு எழுதுபவர். அவள் பெட்டியில் பன்னிரண்டு கலர் பென்சில். பரிசு அவளுடையது என்று பிறகு யாரைக் கேட்க வேண்டும். ஆர். ஒன்றும் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை, முப்பத்து நான்கு வருஷமாக அந்த டம்ளரில்தான் காபி. உதட்டில் அந்தப் புள்ளி எழுத்து படும். இனிஷியலைப் படிக்காமல் விட்டது தலைமையாசிரியை என்று எத்தனையோ தடவை மனசுக்குள் வாதாடிப் பார்த்திருக்கிறாள். தலையை விட்டது அவர், சரி. வாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனது யார்.

ஒன்பது பத்து. விரல் கில்பர்ட் சாரின் எண்ணை அழுத்திவிட்டது, அவளிடம் கேட்கவில்லை. பாட்டு பஸ்ஸைத் தூக்கிக்கொண்டு போகிற சத்தத்தில், ஹலோ என்று அவர் சொன்னதே எங்கேயோ கிணற்றுக்குள் கேட்டது.

“சார், நாந்தானுங்க. வளர்மதி. எண்பதடி ரோடு அறுபதடி ரோடுன்னு வருதுங்க.”

“என்னங்க மேடம்? கேக்கலீங்க.”

“எண்ணுல ஆரம்பிக்கிற பேரை என் லைப்ரரி வெட்டிப் போடுதுங்க. மூணு ரோடும் ஒண்ணாயிருச்சு.”

கண்டக்டர் அவள் படும்பாட்டைப் பார்த்தார். “அண்ணா, பாட்டக் கொஞ்சம் கொறைங்க, அம்மிணி பேசறாங்கல்ல,” என்று முன்னால் குரல் கொடுத்தார். டிரைவர் குறைக்கவில்லை, நிறுத்தியேவிட்டார். அந்த அமைதிக்குள் வளர்மதியின் முழுக்குரல் போய் விழுந்தது.

“நாஞ் சொன்னதுதாங்க தப்பு. நீங்க சொன்னதுதான் சரி. உங்களப் பாத்துச் சிரிச்சிருக்கக் கூடாது.”

முன் ஸீட்டில் இரண்டு பேர் திரும்பினார்கள். பின்னால் யாரோ, “வீட்டுக்காரரா இருக்கும்,” என்றார்கள். காது சூடாகிப்போயிற்று அவளுக்கு. சிரிப்பும் வந்தது. மறுமுனையில் காகிதம் சலசலத்தது. அவர் நோட்டைப் புரட்டுகிறாரா, இல்லை மறுபடி மூடுகிறாரா.

“மேடம்,” என்றார் கில்பர்ட் சார் கடைசியில். “நீங்க தலையத் தூக்கிப் போடச் சொன்னீங்க. நான் போடலீங்க. பக்கத்துலயே இன்னொரு கட்டத்துல முழு முகவரியும் அப்படியே வெச்சிருக்கேன். மனசு வரலீங்க, எட்டு மாசம் வெயில்ல நின்னு எழுதுனது.”

“எனக்குச் சொல்லலீங்களே சார்.”

“சொன்னா மறுபடி பல்லிம்பீங்க.”

கொஞ்சம் பொறுங்க, செயலிய அந்தக் கட்டத்தைப் பார்க்கச் சொல்லி மாத்திவிடறேன், ஒன்பதரைக்குள்ள முடிஞ்சுரும் என்றார். கூட்டத்தில் இதை நானே சொல்கிறேன் என்றாள் வளர்மதி. “தாராளமாச் சொல்லுங்க,” என்றார் அவர். குரலில் சந்தோஷம் தெரிந்தது. அதை மறைக்க அவர் பிரயத்தனப்படவும் இல்லை. போனை வைத்ததும் கண்டக்டர், “சமாதானம் ஆயிருச்சுங்களா?” என்று கேட்டார். ஆயிருச்சுங்க என்றாள். டிரைவர் பாட்டை விட்ட இடத்திலிருந்தே போட்டார்.

உடம்பு காலியானது போல் லேசாக இருந்தது. பயந்தது எல்லாம் இவ்வளவுதானா. இப்படி லேசாக இருக்கும்போதே இன்னொன்றையும் செய்துவிட வேண்டும், ஆபீஸ் போய் காபி குடித்துவிட்டால் தைரியம் ஆறிவிடும். பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்பில் மூன்று வளர்மதிகளும் உண்டு. தினம் காலை வணக்கம் போட்டுக்கொள்வார்கள், டம்ளர் பேச்சை மட்டும் யாரும் எடுத்ததில்லை. ஆர். இப்போது திருப்பூரில் இருக்கிறாள். அவளுக்குத் தனியாக எழுதினாள். ‘ஆர்., ஆறாங்கிளாஸ்ல ஓவியத்துக்கு நான் வாங்குன டம்ளர் உன்னுது. தெரிஞ்சேதான் வாங்குனேன். இத்தனை வருஷம் சொல்லாம இருந்துட்டேன். மன்னிச்சுக்கோ.’ அனுப்பிவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்தாள். சிக்னலில் பஸ் நின்றது. ஒரு பையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தவர் ஒன்றைத் தவறவிட, அது ஸீட்டுகளுக்கு அடியில் உருண்டு உருண்டு அவள் செருப்பில் வந்து முட்டியது. எடுத்துக் கொடுத்தாள். மடியில் போன் அதிர்ந்தது. பார்க்கலாமா. பார்க்காமல் இருந்தால் ஆபீஸ் வரை நிம்மதி. போன் மறுபடி அதிர்ந்தது, மறுபடியும், ஆர். எப்போதுமே துண்டு துண்டாகத்தான் எழுதுவாள்.

‘அடிப்பாவி.’

‘எனக்கு எங்கடி படம் வரும். எங்கப்பாதான் போர்டு எழுதுவாரு. நான் வட்டம் போட்டா முட்டை வரும்.’

‘பரிசு வாங்குன அந்தக் குதிரைப் படம் கே. வரைஞ்சது.’

‘நான் உன்னைப் பார்த்தது உன் பாவாடை பின்னால இங்க் கொட்டியிருந்ததை. மேடைல அத்தனை பேரும் பார்த்தாங்க, பாவமேன்னு சொல்லல.’

வளர்மதி அதை மூன்று தரம் படித்தாள். முப்பத்து நான்கு வருஷம். எத்தனை கல்யாணத்தில் ஆரைக் கண்டு தூணுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறாள், ஆருடைய மகன் பிறந்தநாளுக்கு எத்தனை உருக்கமாக வாழ்த்து அனுப்பியிருக்கிறாள், பாவம் ஆர். பாவம் ஆர். என்று எத்தனை காபி. அந்தக் கரிசனம் அத்தனையும் ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் நின்று, வராத பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறது. அந்தப் பக்கம் கே. வளர்மதி, குரூப்பில் தினமும் கோலம் போட்டு போட்டோ அனுப்புகிறவள், நேற்றுகூட ஒரு மயில், அதற்கு இவள் சூப்பர் என்று கட்டைவிரல் தூக்கியிருக்கிறாள். அவளுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு வந்தது. எலுமிச்சம்பழக்காரர் தன் பழத்தைப் பார்த்துச் சிரிக்கிறாளோ என்று பையை இறுக்கிக்கொண்டார்.

“நூறடி ரோடெல்லாம் எறங்கிக்கோ,” என்றார் கண்டக்டர். மடியில் இருந்த போனும் அதே நேரத்தில், ‘அடுத்து: 100 அடி ரோடு’ என்றது. மணி ஒன்பது இருபத்தெட்டு. கில்பர்ட் சார் சொன்ன சொல் தவறாதவர். டிபன் டப்பாவையும் பையையும் சேர்த்து அணைத்துக்கொண்டு இறங்கினாள். நிழற்குடை நிழலில் நின்றாள். பூக்காரம்மா முழம் வேணுங்களா என்று கேட்டார், வேண்டுமென்று தலையாட்டிவிட்டு, ஒரு கையாலேயே எழுதினாள்.

‘கே., நான் எம். வளர்மதி பேசறேன். உன்னோட டம்ளர் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. இன்னிக்குக் காலைலகூட அதுலதான் காபி குடிச்சேன்.’